புதுத் திரைக்குப் பொட்டு

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பராவுக்குள் தட்டைத் திரைத் தொலைக்காட்சியை மாட்டும்போது முதலில் முடிவாக வேண்டியது எந்தச் சுவர் என்பது. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பழைய லயங்களில் ஒரு காம்பரா ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி. படுக்கை, பிள்ளைகளின் படிப்பு, வருபவருக்கு நாற்காலி, சாமித் தட்டு எல்லாம் அந்த அளவுக்குள் அடங்கியாக வேண்டும். கதவும் சன்னலும் போக மிஞ்சுகிற சுவரில் முருகனும் மாரியம்மனும் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள். அதனால் திரையின் இடம் பற்றிய பேச்சு சாமியின் இடம் பற்றிய பேச்சாகிவிடுகிறது. பக்கத்தில் வைக்கலாமா, மேலே வைக்கலாமா, கால் நீட்டிப் படுக்கிற திசையில் இருக்கலாமா? இந்தச் சில்லறைக் கேள்விகளுக்குப் பின்னால் பெரிய கேள்வி ஒன்று நிற்கிறது. திரையில் தோன்றும் சாமி, சாமிதானா?

சில்லறைக் கேள்விகளுக்கு வழக்கமே விடை வைத்திருக்கிறது. திரை சாமித் தட்டுக்குப் பக்கவாட்டில் அல்லது கீழே வரலாம், மேலே கூடாது. இதற்கு ஆகமத்தில் ஆதாரம் தேட வேண்டியதில்லை, மரியாதை போதும். விளக்கின் எண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் திரைக்கு ஆகாது என்பதால் இரண்டுக்கும் நடுவில் சற்று இடைவெளி விடுவது எல்லோருக்கும் நல்லது. பழைய குழாய்ப் பெட்டியில் இந்தச் சிக்கல் குறைவு. அதற்கு அகலமான தலை இருந்தது. பின்னல் துணி விரித்து, பிளாஸ்டிக் பூவும் சிறிய பிள்ளையாரும் வைக்கலாம். தட்டைத் திரை வந்ததும் பிள்ளையார் இடம் மாற வேண்டியதாயிற்று.

சுவரும் தன் பங்குக்குத் தொல்லை தரும். கருங்கல்லும் மண்சாந்துமாகக் கட்டிய சுவரில் துளை போட்டால் ஓரிடத்தில் கல் மறிக்கும், அடுத்த இடத்தில் மண் உதிரும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அதே சுவர் ஈரம் கசியும். 32 அங்குலத் திரை ஐந்து கிலோ அளவுதான் என்றாலும் அப்படிப்பட்ட சுவரை நம்பாமல் மேசையில் நிறுத்துவதே புத்தி. குளிரிலிருந்து உள்ளே கொண்டுவந்த பெட்டியை உடனே கரண்டில் மாட்டுவதும் தவறு. நுவரெலியாவில் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கும். அறையின் சூடு பட்டதும் உள்ளே நீர் பூக்கும். ஓரிரு மணி நேரம் சும்மா விட வேண்டும்.

அந்த இடைவேளையில்தான் பெரும்பாலும் பொட்டு வைக்கப்படுகிறது. சந்தனமும் குங்குமமும் சட்டத்தின் ஓரத்தில். ஈர விரல் திரையில் பட்டால் மேற்பூச்சு கெடலாம். நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, பிறகு வெள்ளோட்டம். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க நிரப்பிச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது, விளக்கை அணைத்துக் கறுப்புப் படம் போட்டு மூலைகளில் ஒளி கசிகிறதா என்று பார்ப்பது, கடையில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்திருந்த வெளிச்ச அளவை வீட்டு அளவுக்கு இறக்குவது எல்லாம் தேர்ந்தவர் வேலை. வீட்டார் செய்யும் சோதனை வேறு: முதலில் ஒரு சாமி பாட்டு ஓட வேண்டும். படம் தெளிவு, சத்தம் தெளிவு, தொடக்கமும் மங்களம். மூன்றும் ஒரே பாட்டில் முடிந்துவிடும்.

கருவிக்குப் பொட்டு வைப்பது மலையகத்துக்குப் புதிதல்ல. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை தமிழ் இந்துக்களுக்குப் பொது. தோட்டத்தில் அதற்கு மேலும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரங்களுக்கும் உருளைகளுக்கும் ரோதமுனி காவல். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமிக்குப் படையல். கை போனால் போனதுதான் என்ற இயந்திரத்தின் முன்னால் நின்று வேலை செய்தவர்கள் அதற்குள் ஒரு முனியைக் கண்டதில் வியப்பில்லை. இந்த வழிபாட்டில் இயந்திரமே தெய்வம் என்ற கொள்கை எதுவும் கிடையாது. தீங்கு வராமல் இருக்க, செய்த செலவு வீணாகாமல் இருக்க ஒரு வேண்டுதல், அவ்வளவே. புதுத் தொலைக்காட்சிக்கு வைக்கும் பொட்டு இந்த வகை. இதில் தத்துவச் சிக்கல் ஏதுமில்லை.

சிக்கல் திரையில் உருவம் வந்த பிறகு தொடங்குகிறது. ராமானந்த் சாகரின் ராமாயணத் தொடர் 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை இந்தியாவின் தூர்தர்ஷனில் ஞாயிறு காலைகளில் ஓடியது. பல வீடுகளில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பெட்டிக்கு மாலை போட்டார்கள், ஊதுபத்தி ஏற்றினார்கள், தீபம் காட்டினார்கள். படித்தவர்கள் சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அவசரப்பட்டது. ஒரு பொருள் எந்த நிலையில் வழிபாட்டுக்குரியதாகிறது என்ற கேள்விக்குச் சைவ ஆகமங்கள் சொல்லும் விடை, சிரித்தவர்கள் நினைத்ததைவிடத் தாராளமானது.

ஆகமங்கள் பொருளைப் பெரிதாகக் கொள்வதில்லை. மணல், அரிசி, சோறு, வெண்ணெய், சாணம், பூ ஆகியவற்றால் அப்போதைக்குச் செய்து, பூசித்து, விட்டுவிடுகிற லிங்கத்துக்குச் சணிக லிங்கம் என்று பெயர். மஞ்சளைப் பிடித்து வைத்த பிள்ளையார் வீட்டுச் சடங்கில் அரை மணி நேரம் தெய்வமாக இருந்துவிட்டுப் பிறகு மஞ்சளாகிவிடுகிறார். சாணத்துக்குக் கிடைக்கும் இடம் கண்ணாடித் திரைக்கு மறுக்கப்படக் காரணமில்லை. ஆனால் எல்லா இடத்திலும் ஒரு நிபந்தனை உண்டு: அழைப்பு. ஆவாகனம் செய்து வரவழைக்க வேண்டும். காரியம் முடிந்ததும் வழியனுப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவிலான நேரத்துக்குத்தான் அந்தப் பொருள் திருமேனி.

தோட்டத்துக் கோயில்களில் பல ஆகமக் கணக்குக்குள் வராதவை. மரத்தடியில் ஒரு கல், சூலம், சிவப்புத் துணி. பூசை செய்பவர் குருக்கள் அல்லர், பூசாரி. அங்கும் அழைப்பு இருக்கிறது. சொல்லப்போனால் இன்னும் கண்டிப்பாக இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவில் ஆற்றங்கரையில் தப்பும் உடுக்கும் முழங்கக் கரகம் பாலிக்கிறார்கள். கரகம் வந்த பிறகே திருவிழா. முடிந்ததும் கரகத்தைத் தண்ணீரில் குடிவிடுகிறார்கள். மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதியும் மதனும் வேடம் கட்டுபவர்கள் காப்புக் கட்டி விரதம் இருக்கிறார்கள். அந்த நாட்களில் அவர்கள் வீடு தேடி வரும்போது கும்பிடுகிற தோட்டத்தார், காமனை எரித்துக் காப்பு அவிழ்ந்த பிறகு அதே ஆளோடு, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் சரிக்குச் சரி சண்டை போடுவார்கள். யாரைக் கும்பிட்டோம், எதுவரை கும்பிட்டோம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே கிடையாது. ராமாயணத் தொடரில் ராமனாக நடித்தவரையோ படப்பிடிப்பு முடிந்து ஆண்டுகள் கழித்தும் தெருவில் கண்டு காலில் விழுந்தவர்கள் உண்டு. அவருக்குக் காப்பும் இல்லை, அவிழ்ப்பும் இல்லை. அழைத்தவரும் அனுப்பியவரும் இல்லாமல் உருவம் மட்டும் தங்கிவிட்டது.

எனவே திரைக்கு முன் தீபம் காட்டுவது பிழையா என்று கேட்டால், காட்டுபவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. மனத்தால் அழைத்து, பாட்டு முடியும்வரை கும்பிட்டு எழுந்தால் அது ஆன்மார்த்த பூசையின் ஒரு வகை. மஞ்சள் பிள்ளையாருக்குச் செய்ததையே அவர் திரைக்கும் செய்கிறார். ரிமோட்டை அமுக்கியதே அழைப்பு என்று எண்ணினால் அங்கே பூசை இல்லை, நிகழ்ச்சி மட்டும் ஓடுகிறது.

இதோடு முடிவதில்லை. தரிசனம் இருவழி: அடியார் சாமியைப் பார்ப்பது பாதி, சாமி அடியாரைப் பார்ப்பது மறுபாதி. சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு அதனால்தான் முக்கியம். இலங்கையின் பௌத்த மரபிலும் இதற்கு நிகரான நேத்திர மங்கலம் உண்டு. புத்தர் சிலைக்குக் கண் எழுதும் ஓவியர் சிலையை நேரே பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தபடி எழுதுவார் என்று ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விவரித்திருக்கிறார். முதல் பார்வைக்கு அத்தனை வலிமை. திரையிலுள்ள முகம் யாரையும் பார்ப்பதில்லை. கொரியக் கலைஞர் நாம் ஜூன் பாய்க் 1974இல் ஒரு புத்தர் சிலையைத் தொலைக்காட்சிக்கு எதிரே வைத்து, கமெராவால் அதன் முகத்தையே அதன் முன் காட்டினார். அங்கே பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒருவரே. நடுவில் உள்ள பெட்டிக்குப் பார்வை இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரம் இந்த இடத்தைத் தொடுகிறது. கண் தானாகப் பார்ப்பதில்லை; உயிர் கூட நின்று காட்ட வேண்டும், கூட நின்று காணவும் வேண்டும். உயிருக்கு இறைவன் செய்வதும் அப்படியே. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று சித்தாந்திகள் இவற்றைப் பிரித்துப் பேசுவார்கள். திரையால் செய்யக்கூடியது முதலாவது மட்டும். அதுவும் சிறிய உதவி அல்ல. பிதுருதலாகலை மலையின் உச்சியில் அலைபரப்பிக் கோபுரம் நிற்க, இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்த மலையின் கீழே கொழுந்து பறித்தவர்களில் பலர் அதற்குப் பின்னரும் நெடுங்காலம் கரண்ட் இல்லாத லயங்களில் இருந்தார்கள். தூரத்துக் கோயில்களை அவர்களுடைய பிள்ளைகள் கண்ணால் கண்டது திரையில்தான். நடக்க முடியாத கிழவிக்குக் கோபுரத்தைக் காட்டுகிற பெட்டியை மாயை என்று தள்ளுவது கல்நெஞ்சு.

நேரலை என்ற புதுமை கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. நுவரெலியாவுக்கு அருகே சீதா எலிய சீதை அம்மன் கோயிலில் 2024 மே 19 அன்று கும்பாபிஷேகம் நடந்தது. அயோத்தியிலிருந்து சரயு நதித் தீர்த்தமும் வந்தது. இப்படிப்பட்ட விழாவை நேரலையில் பார்ப்பவர் முகூர்த்தத்தில் பங்கு பெறுகிறாரா? செயற்கைக்கோள் வழியே வரும் படம் சில வினாடி பிந்தி வரும் என்பது பெரிய தடையல்ல. ஒரு நாழிகையே 24 நிமிடம். காலத்தால் அவர் விழாவுக்குள் இருக்கிறார், எழுந்து நின்று கைகூப்புவது முறையே. பதிவை மறுநாள் பார்ப்பவருக்கு அது நினைவூட்டல். இருவருக்கும் கிடைக்காதது ஒன்றுண்டு. கும்பத்து நீர் தலையில் படவும் திருநீறு கையில் விழவும் நுவரெலியா–வெலிமடை வீதியில் பஸ் ஏறித்தான் போக வேண்டும்.