பில்லைப் பார்க்கும் கண்

மைசூருவின் ஹெப்பால், ஹூட்டகள்ளி தொழிற்பேட்டைகளில் ஆலை வாசலில் நிற்கும் செக்யூரிட்டியின் சட்டையில் ஒரு ஏஜென்சியின் பெயர் இருக்கும். மாதச் சம்பளத்தை அவர் கையில் கொடுப்பவர் வேறொருவராக இருக்கலாம். ஒப்பந்தம் எடுத்த ஏஜென்சிக்கு ஆள் போதாதபோது, ஆள் பிடித்துத் தரும் சிறு ஒப்பந்தக்காரரிடம் வேலை கைமாறுகிறது. அந்தக் காவலாளி யாருடைய ஆள் என்பது சட்டக் கேள்வி. அவருடைய விழிப்பால் இரவில் நிம்மதியாகத் தூங்கும் ஆலை, 'அவருக்கு பி.எஃப். கட்டுகிறார்களா என்று எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லலாமா என்பது அறக் கேள்வி.

சட்டக் கேள்விக்குப் பெருமளவு விடை உண்டு. பாந்தர் செக்யூரிட்டி என்ற காவல் ஏஜென்சியின் வழக்கில், தன் பட்டியலில் இருப்பது ஐந்து பேர்தான், காவலாளிகளை வாடிக்கையாளருக்கு ஏற்பாடு செய்து தருவதோடு தன் வேலை முடிந்தது என்று அந்நிறுவனம் வாதிட்டது. அதன் வரவுசெலவுக் கணக்கிலோ சம்பளமாக லட்சக்கணக்கில் எழுதப்பட்டிருந்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல், பி.எஃப். சட்டம் ஏஜென்சிக்குப் பொருந்தும் என்றது. ஒரே ஆள் செலவுக் கணக்கில் ஊழியராகவும் பி.எஃப். கணக்கில் அந்நியராகவும் இருக்க முடியாது அல்லவா! ஆலைக்கும் பொறுப்பு உண்டு. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளியே, அதாவது இங்கே ஆலையே, தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

'எங்களுக்குத் தெரியாது' என்ற பதிலை ஆலையின் ஜி.எஸ்.டி. கணக்கே பொய்யாக்குகிறது. காவல் சேவைக்கு வரி 18%. ஏஜென்சி ஒரு கம்பெனியாக இருந்தால், அது தன் பில்லை அரசுத் தளத்தில் பதிவேற்றினால்தான் ஆலைக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். அதனால் மாதந்தோறும் கணக்காளர் பில்களை அந்தத் தளத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார், விடுபட்டிருந்தால் பில்லை நிறுத்தி வைக்கிறார். ஏஜென்சி தனிநபருடையதாகவோ கூட்டாண்மையாகவோ இருந்தால், 2019 ஜனவரி 1 முதல், ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஆலையே அந்த வரியை நேரடியாகக் கட்டுகிறது. தன் பணம் போகும் இடத்தில் இவ்வளவு கூர்மையான கண், இன்னொருவரின் வைப்பு நிதி போகும் இடத்தில் மூடிக்கொண்டால் அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? அது வசதியான பாராமுகம்.

பிடித்தமே வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள் என்று காவலாளிகளே கேட்கிறார்கள் என்பார்கள். கேட்பது உண்மைதான். 15,000 ரூபாய் ஊதியத்தில் பி.எஃப்.புக்கு 1,800 ரூபாய் போனால் வீட்டு வாடகைக்கு உதைக்கும். ஆனால் அவர் விட்டுக்கொடுப்பது தன் பங்கை மட்டுமல்ல, முதலாளி தர வேண்டிய இன்னொரு 1,800 ரூபாயையும் சேர்த்து. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் கணக்கு இன்னும் வெளிப்படை: அவர் பங்கு 113 ரூபாய், முதலாளி பங்கு 488. இந்த ஏற்பாட்டில் மிச்சம் யாருக்கு என்பதைச் சொல்லாமல் பெற்ற சம்மதம் சம்மதமா? இரவுப் பணியில் அடிபட்டு கே.ஆர்.எஸ். சாலை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகும்போது, இ.எஸ்.ஐ. எண்ணே இல்லாதவர் தன் வேலையை நிரூபிக்கவே அலைய வேண்டியிருக்கும்.

விலைப் போட்டி என்ற வாதத்துக்கு இதைவிடக் கனம் உண்டு. நேர்மையாகக் கட்டும் ஏஜென்சி டெண்டரில் தோற்கிறது. ஆனால் அந்த டெண்டரைத் திறப்பவர் யார்? குறைந்தபட்சக் கூலியோடு பி.எஃப்.புக்கு அதனோடு வரும் கட்டணங்கள் சேர்த்து 13%, இ.எஸ்.ஐ.க்கு 3.25% கூட்டினால் வரும் தொகைக்கும் கீழே ஒருவர் விலை சொன்னால், எங்கோ வெட்டப்போகிறார் என்பது கூட்டல் தெரிந்தவருக்குப் புரியும். புரிந்தும் கையெழுத்திடுபவர் அந்த வெட்டில் பங்காளி. உள்குத்தகையின் அடித்தட்டு தங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதும் பாதி உண்மைதான். வாசலில் நிற்பவரின் பெயர் ஆலையின் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. பி.எஃப். செலானோடு வரும் பெயர்ப் பட்டியலை அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட, வரி வரவைச் சரிபார்க்கும் அதே கணக்காளருக்கு அரை மணி நேரம் ஆகுமா?