காசு வாங்கினா பாசம் போயிடுமா?

பிடித்த வேலைக்குக் கூலி வாங்கினால் பிடித்தம் குறைந்துவிடுமா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு பெவ் ரிஸ்மன் ஞாபகம்தான் வரும்.

1937-ல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பிறந்த ரக்பி ஆட்டக்காரர். ரக்பியில் இரண்டு வகை. 15 பேர் ஆடும் யூனியன், 13 பேர் ஆடும் லீக். அன்றைக்கு யூனியனில் சம்பளம் கிடையாது, லீக்கில் உண்டு. ரிஸ்மன் யூனியனில் இங்கிலாந்துக்காக 8 மேட்ச் ஆடியவர். 1959-ல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணி ஆக்லாந்தில் நியூசிலாந்தை 9-6 என்று ஜெயித்ததே, அதில் ஒரு 'ட்ரை' இவருடையது.

1961-ல் லீ என்ற ஊரின் லீக் கிளப்பில் சேர்ந்தார். அவ்வளவுதான், யூனியன் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள். ஆயுள் தடை! மனுஷன் மேட்ச்சையா விற்றார்? உழைப்புக்குக் காசு வாங்கினார்.

இந்தச் சண்டை பழசு. 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் கூடி 22 வடக்கத்திக் கிளப்கள் தனியாகப் பிரிந்தன. ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள், ஆடப் போனதால் இழந்த கூலியை மட்டும் கேட்டார்கள். 'ஆசைக்கு ஆடுறதுதான் ஆட்டம்' என்று மறுத்துவிட்டது யூனியன்.

நான் பி.காம். எதையும் பற்று-வரவாகத்தான் பார்ப்பேன். வக்கீலும் டாக்டரும் இலவசமாக ஆடலாம். திங்கட்கிழமை வருமானம் காத்திருக்கும். சுரங்கத் தொழிலாளி ஆடினால் அந்த வாரம் வீட்டில் துண்டு விழும். விதி ஒன்றுதான், அதற்கு அவரவர் கொடுக்கும் விலைதான் வேற வேற.

யூனியனின் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. காசு வந்தால் கூடவே முதலாளியும் வருவார், ஆட்டம் வியாபாரமாகும். வாஸ்தவம். ஆனால், 1968 வெம்ப்ளி ஃபைனலைப் பாருங்கள். மழையில் மைதானமே குளம். லீட்ஸ் 11-10 என்று ஜெயித்தது. அதில் 8 புள்ளி, சம்பளம் வாங்கிய ரிஸ்மனின் காலில் இருந்து வந்தது. பாசம் எங்கே குறைஞ்சது?

1995 ஆகஸ்டில் யூனியனே சம்பளத்துக்குக் கதவைத் திறந்தது. 100 வருஷப் பாவம், ஒரே அறிவிப்பில் தொழிலாகிவிட்டது! அப்போது ரிஸ்மனுக்கு வயது 57. 2023-ல் காலமானார். அவர் இழந்த வருஷங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

'காசை எதிர்பார்க்காம செய்யுங்க' என்று அடுத்தவரிடம் சொல்வதற்கு முன்னால், நம்ம சம்பளத் தேதியை ஒரு தடவை நினைச்சுக்குவோமே!