நம்மவர் யார்?

ஏழைக்கு இரங்கு என்று போதியாத மதம் உலகில் இல்லை. எந்த ஏழைக்கு என்று கேட்டாலோ, நம்மில் பலர் ‘நம்மவருக்கு’ என்று விடை கூறி அமைதியடைகின்றனர். இவ்விடை கிறிஸ்துவின் போதனைக்கு ஒத்ததாகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

நியாயசாஸ்திரி ஒருவன் தன் அயலான் யார் என்று இயேசுவை வினவினான். அவர் கள்வரால் அடியுண்டு வழியிற் கிடந்த ஒருவனுடைய கதையைக் கூறினார். ஆசாரியனும் லேவியனும் விலகிப் போயினர். யூதர் இழிவாகக் கருதிய சமாரியனே காயங்கட்டி, சத்திரத்திற் சேர்த்து, செலவுக்கும் பணம் கொடுத்தான். வீழ்ந்தவனுக்கு அயலானாய் நடந்துகொண்டவன் யார் என்று இயேசு வினாவையே திருப்பிக் கேட்டார். ஆகவே, அயலான் பிறப்பினால் அமைபவன் அல்லன், செய்கையினால் ஆகிறவன்.

இதற்குச் சான்றாக வாழ்ந்தவர் சி. எப். ஆண்ட்ரூஸ். 1904ல் டில்லிக்கு ஆசிரியராக வந்த இவ்வாங்கிலப் பாதிரியார், 1915ல் பியர்சன் என்பவருடன் பிஜித் தீவுக்குச் சென்று, கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளின் துயரை நேரிற்கண்டு, 1916ல் அறிக்கை வெளியிட்டார். அக்கூலிகளில் 1903 முதல் சென்னையிற் கப்பலேறிய தமிழரும் இருந்தனர். பலருடைய கிளர்ச்சியின் பயனாக 1917ல் ஆள் அனுப்புதல் நின்றது. 1920 ஜனவரி 1ல் பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின. ஆண்ட்ரூஸ் ஆளும் இனத்திற் பிறந்தவர். ‘நம்மவர்’ என்று அவர் தம் இனத்தாரை மட்டும் கருதியிருந்தால் பிஜிக்குப் போயிரார். போனவரும் கஞ்சி வார்த்துத் திரும்பவில்லை. கூலிகளைக் கட்டிய ஒப்பந்தத்தையே எதிர்த்தார். ஜனங்கள் அவரைத் தீனபந்து என்றழைத்தது தக்கதேயாம்.

இனி, நாம் வாழும் கியா பார்மை நோக்குவோம். இக்கேமரன் மலையிற் காடு திருத்தித் தேயிலை வைத்த உழைப்பில் தமிழர் பங்கு பெரிது. இன்று கொழுந்தெடுப்போரிலும் காய்கறித் தோட்டங்களில் உழைப்போரிலும் வங்காளதேசத்தார், நேபாளியர், இந்தோனேசியர் பலர். நம் முன்னோரிற் பலர் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடனாளிகளாய் வந்தனர். இவர்களிற் பலர் ஏஜெண்டுக்குப் பணம் கட்டிக் கடனாளிகளாய் வருகின்றனர். கிராணிகளாகிய நாம் செக்ரோலில் எல்லாருடைய பெயரையும் எழுதுகிறோம். உதவி நிதியின் ஏட்டிலோ நம் இனத்தார் பெயர்களே காணப்படுகின்றன.

நம் ஏழைகளுக்கே போதவில்லையே என்பார் உளர். அவர் கூறும் குறை மெய்யே. ஆனால், உள்ள சிறு தொகையை மிகுந்த இடர்ப்படுவோனுக்கு முதலிற் கொடுப்பதன்றோ நீதி? பிறப்பைக் கேட்கத் தொடங்கிய நாவு இனத்தோடு நில்லாது. அடுத்துச் சாதியையும் கேட்கும். வடக்கன்குளத்தில் கிறிஸ்துவின் ஆலயத்துக்குள்ளேயே சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910ல் தான் இடிக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆதலின், உதவிச் சங்கம் நடத்தும் அன்பர்கள் விண்ணப்பத்தில் இனத்தைக் கேட்கும் வரியை அடித்துவிட்டு, இடர் யாது, அதன் காரணம் யாது என்று கேட்பார்களாக. கூலி பிடித்தம் செய்யப்பட்ட அந்நிய நாட்டுத் தொழிலாளிக்கு ஒருபடி அரிசியினும், தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து உடன் செல்வதே பெரிய தர்மம். எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு அது அரைநாள் வேலை.