காயப்பட்டவனுக்குக் கொடுப்பது தருமமா, கடனா?

காலபோக நெல் விளைந்து, கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்களில் அறுவடை தொடங்கிவிட்டால், முருங்கன் பகுதியில் இயந்திரச் சத்தம் இரவிலும் ஓய்வதில்லை. வெட்டுகிற இயந்திரம், உழவு இயந்திரம், மூட்டை ஏற்றும் லொறி, அரிசி ஆலை என்று எங்கு பார்த்தாலும், சுழல்கின்ற ஏதோ ஒன்றுக்கு அருகில் ஒரு மனிதனுடைய கை இருக்கிறது.

அந்தக் கை ஆலையின் வார்ப்பட்டியில் அகப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நடப்பது நம் எல்லோருக்கும் தெரியும். முதலாளி தம் வாகனத்திலேயே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிறார். பழமும் பால்மாவும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார். மனைவியின் கையில் கொஞ்சப் பணமும், வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசியும் கொடுக்கிறார். “நல்ல மனுசன்” என்று ஊர் சொல்கிறது. உண்மையிலேயே அவர் நல்ல மனுசன்தான். ஆனால் மூன்று மாதத்தில் அரிசி நின்றுவிடுகிறது. போன விரல்களோ திரும்பி வருவதில்லை.

அவர் கொடுத்தது தருமமா, கடனா? தருமமானால் அவர் விரும்பியபோது நிறுத்தலாம். வாங்கியவன் நன்றி சொல்ல வேண்டும். கடனானால் தீரும்வரை நிறுத்த முடியாது. கேட்பவனும் தலை குனிய வேண்டியதில்லை.

“முதலாளி என்ன பிழை செய்தார்? பட்டி அறுந்தது அவர் குற்றமா? பார்த்து வேலை செய்ய வேண்டியது அவனல்லவா?” என்று கேட்பார்கள். இது புதிய கேள்வியல்ல. இங்கிலாந்தில் சாள்ஸ் பிறீஸ்ற்லி என்ற இளைஞன் தோமஸ் பௌலர் என்ற இறைச்சிக்கடைக்காரரிடம் வேலை செய்தான். அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து அவனுடைய தொடை முறிந்தது. யூரிமார் 100 பவுண் கொடுக்கச் சொன்னார்கள். 1837இல் மேல் நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டார்கள். வண்டி பாரம் தாங்குமா என்பது எசமானைவிட வேலைக்காரனுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும்; பயமானால் ஏறாமல் விட்டிருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன நியாயம். ஏறாமல் விட்டவனுக்கு மறுநாள் வேலை இருந்திருக்குமா என்று அந்தக் கனவான்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த நியாயம் கலைய அறுபது வருடம் சென்றது. யேர்மனி 1884இலும் இங்கிலாந்து 1897இலும் வேறு வழியில் சிந்தித்தன. யாருடைய பிழை என்று தேடுவதை விட்டு, யாருடைய வேலை என்று கேட்டன. இந்த மாற்றத்தில் ஆழமான அறநெறி உண்டு. ஆலைக்காரர் டீசலுக்கும், தேய்ந்த பட்டிக்கும், உடைந்த பல்சில்லுக்கும் கணக்கு எழுதி, மிஞ்சியதையே இலாபம் என்கிறார். அதே அரிசியைக் குற்றுவதில் தேய்ந்த, அறுந்த மனிதக் கை மட்டும் எப்படிக் கணக்குக்கு வெளியே போகும்? பட்டி அறுந்தது யார் பிழை என்று விசாரித்த பின்னா புதுப் பட்டி வாங்குகிறோம்?

நல்ல சமாரியன் உவமையை நாம் இங்கே பிழையாகப் பொருத்திப் பார்க்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சமாரியன் வழிப்போக்கன். காயத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பாதையால் அவனுக்கு வருமானமுமில்லை. அதனால்தான் அவன் கொடுத்தது தூய இரக்கம். காயப்பட்டவனின் முதலாளி வழிப்போக்கரல்லர். அவருக்குப் பொருந்துவது உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளை: புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும். யாத்திராகமம் 21ஆம் அதிகாரம், ஒருவனை அடித்துக் காயப்படுத்தியவன் வைத்தியச் செலவோடு அவன் வேலை செய்யாத நாட்களுக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்கிறது. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் 1981ஆம் ஆண்டு மனித வேலை பற்றி எழுதிய சுற்றுமடலில், விபத்துக்குள்ளான தொழிலாளியின் வைத்தியத்தை உரிமைகளின் வரிசையிலேயே வைத்தார்.

நம் நாட்டில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலையின் நிமித்தமாக, வேலையின்போது நேர்ந்த விபத்துக்கு முதலாளி பொறுப்பு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, வாய்ப்பேச்சும் போதும். சற்றுக் கவனம் பிசகியதால் உரிமை போய்விடாது. குடிபோதை, பாதுகாப்புக்கென்று இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், மறைப்பை வேண்டுமென்றே கழற்றுதல் ஆகியவை வேறு. 2022இல் செய்த திருத்தத்தால் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நேரும் விபத்துகளும் சேர்க்கப்பட்டன. உச்சத் தொகையும் ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் ரூபாயாக உயர்ந்தது.

இரண்டு விடயங்களைக் குடும்பங்கள் முக்கியமாக அறிந்திருக்க வேண்டும். “இனி ஒன்றும் கேட்கமாட்டேன்” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையொப்பம் வைத்துக் கொடுத்த துண்டு அந்த உரிமையை அழிக்காது. மரணம் நேர்ந்தால் நட்டஈட்டை ஆணையாளரிடம் கட்ட வேண்டும். அவரே தங்கியிருந்தோருக்குப் பங்கிடுவார். செத்தவீட்டில் விதவையின் கையில் திணிக்கும் கடித உறை அந்தக் கடனைத் தீர்க்காது.

பெரிய உலகத்திலும் இதே குழப்பம்தான். 2013 ஏப்ரல் 24இல் வங்காளதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மடிந்தார்கள். நட்டஈட்டு நிதிக்கு உடுப்புக் கம்பனிகள் விரும்பினால் கொடுக்கலாம் என்றுதான் இருந்தது. மூன்று கோடி டொலர் சேர 2015 யூன்வரை சென்றது. கடனை நன்கொடையாக மாற்றினால் இப்படித்தான் காத்திருக்க வேண்டும்.

ஆயினும் ஓர் இடத்தில் என் மனமும் தடுமாறுகிறது. முருங்கனில் எல்லா முதலாளியும் பணக்காரரல்லர். வங்கிக் கடனில் இயந்திரம் எடுத்து, மூன்று பேரை வைத்து ஓடுகிறவரும் முதலாளிதான். இருபது இலட்சம் கேட்டால் இயந்திரத்தோடு வீடும் போய்விடும். அவருடைய ஏழ்மை கடனை அழிப்பதில்லை. அழிந்தால் அவரிலும் ஏழையான ஒருவன் அதைச் சுமப்பான். அவருக்குள்ள ஒரே நேர்மையான வழி, அறுவடைக்கு முன்பே அந்த மூன்று பேருக்கும் சேர்த்துக் காப்புறுதி செய்வது. இயந்திரத்துக்குக் காப்புறுதி எடுக்கும்போது அதை ஓட்டுகிறவர்கள் ஏன் நினைவுக்கு வருவதில்லை?

காயப்பட்டவர் வீட்டிலும் கடமை உண்டு. விபத்து நடந்த நாள், நேரம், கண்டவர் பெயர் ஆகியவற்றை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரித் துண்டுகளை எறியாதீர்கள். முதலாளிக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்துக்கொண்டு, காலந்தாழ்த்தாமல் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். நன்மை செய்தவரோடு வழக்கா என்று கூச்சப்படுவீர்கள். அவர் கொண்டுவந்த பழத்துக்கு நன்றி சொல்லுங்கள். கணக்கை வேறாகப் பேசுங்கள்.