அடைக்கலப் பட்டணம்



வெயில் ஏறும் வேளையில் கூடார வாசலில் உட்கார்ந்திருந்த ஆபிரகாம், முன்பின் தெரியாத மூவரைக் கண்டதும் எழுந்தோடிப்போய் வரவேற்ற கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். அந்நியனை ஏற்றுக்கொண்டவன் தம்மையே ஏற்றுக்கொண்டான் என்று ஆண்டவர் சொன்னதை மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். கேட்க இதமான வசனங்கள். உயிருக்கே ஆபத்து வந்த காலத்தில் ஓர் ஊர் முழுவதும் அந்த வசனங்களின்படி நடந்தது. அந்த ஊரைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் ஒரு பீடபூமி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். அங்கே லெ ஷாம்போன் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் ஹூகெனோ என்று அழைக்கப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளின் வழிவந்தவர்கள். 1685-இல் பதினான்காம் லூயி மன்னன் அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பறித்தான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் தூக்கிலிடப்பட்டார்கள், மக்கள் காட்டிலும் மலையிலும் ஒளிந்து ஆராதனை நடத்தினார்கள். துரத்தப்படுவது என்றால் என்ன என்பது அந்த ஊர்ப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த கதை.

1940 ஜூன் 22-ஆம் தேதி பிரான்சு ஹிட்லரிடம் பணிந்து போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லெ ஷாம்போன் ஆலயத்தில் போதகர்கள் ஆந்த்ரே த்ரோக்மேயும் எதுவார் தேஸும் சபையாரிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்கள். சுவிசேஷத்துக்கு விரோதமானதைச் செய்யச் சொன்னால் கீழ்ப்படியக் கூடாது. பயப்படவும் கூடாது, பகைக்கவும் கூடாது என்றார்கள். அன்று கேட்டவர்களுக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருக்காது.

அந்த வருடக் குளிர்காலத்தில் ஒரு நாள் குருமனைக் கதவு தட்டப்பட்டது. த்ரோக்மேயின் மனைவி மாக்தா கதவைத் திறந்தார். பனியில் நனைந்து, பசியோடும் பயத்தோடும் ஒரு பெண் நின்றாள். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்டாள். மாக்தா அவளை உள்ளே அழைத்து, அடுப்பருகே உட்கார வைத்து, சாப்பாடு கொடுத்தார். ஈரச் செருப்பு காயட்டும் என்று அடுப்பில் வைத்துவிட்டு, அவளுக்கு அடையாளப் பத்திரம் வாங்க ஊராட்சித் தலைவரிடம் ஓடினார். தலைவருக்குக் கோபம். ஒரு வெளிநாட்டுக்காரிக்காக ஊரையே ஆபத்தில் மாட்டிவைக்கப் பார்க்கிறீர்களா, நாளைக் காலை அவள் இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாக்தா திரும்பி வந்தபோது செருப்பும் அடுப்பில் கருகிப் போயிருந்தது. தோலுக்குப் பஞ்சமான போர்க்காலம் அது. வேறொரு சோடி தேடிக் கொடுத்து, உதவக்கூடிய வேறு ஆட்களிடம் அந்தப் பெண்ணை அனுப்பி வைத்தார்.

அதோடு முடிந்தது என்று மாக்தா நினைக்கவில்லை. அவளை அனுப்பியதற்காக வாழ்நாள் முழுவதும் வருந்தினார். அடுத்து வந்தவர்களுக்காக அவர் அதிகாரிகளிடம் போகவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் போனார்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் சின்ன ரயிலில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். கோடைக்கு மலைக்காற்று வாங்க வருபவர்களுக்காக அந்த ஊரில் ஏற்கெனவே தங்கும் விடுதிகள் இருந்தன. அவை அகதிப் பிள்ளைகளின் இல்லங்களாயின. பண்ணைக்காரர்கள் பரணிலும் வைக்கோல் கொட்டிலிலும் ஆட்களை வைத்துக்கொண்டார்கள். ரேஷன் அட்டைக்குத்தான் ரொட்டி. ஒளிந்திருப்பவனுக்கு அட்டை ஏது? இருந்த உருளைக்கிழங்கைப் பகிர்ந்துகொண்டார்கள். பொய்ப் பத்திரம் தயாரிப்பது பாவமில்லையா என்று மனச்சாட்சி உறுத்திய விசுவாசிகளும் அங்கே இருந்தார்கள். உறுத்தலோடேயே, உயிரைக் காப்பது முதல் என்று முடிவெடுத்தார்கள். அந்தப் பீடபூமி முழுவதிலும் அடைக்கலம் பெற்றவர்கள் 3,000 முதல் 5,000 பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்; குறைத்துக் கணக்கிடும் ஆய்வாளர்களும் உண்டு.

இதில் ஒன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வந்தவர்களை அவர்கள் கிறிஸ்தவர்களாக்கப் பார்க்கவில்லை. சோறு போட்டதற்கு விலையாக விசுவாசத்தைக் கேட்கவில்லை. யூதர்கள் யூதர்களாகவே இருந்தார்கள். காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியன் அவனிடம் எந்த மலையில் தொழுகிறாய் என்று கேட்கவில்லையே. அப்படிக் கேட்காத அன்பைத்தான் கிறிஸ்தவ அன்பு என்று நான் நம்புகிறேன்.

1942 ஆகஸ்டில் போலீஸார் பேருந்துகளோடு வந்தார்கள். யூதர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார்கள். மேய்ப்பன் தன் ஆடுகளைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று சொல்லி த்ரோக்மே மறுத்துவிட்டார். ஊரெல்லாம் தேடினார்கள், ஏறக்குறைய வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.

1943 பிப்ரவரியில் ஒரு மாலை, த்ரோக்மேயையே கைது செய்ய இரண்டு காவலர்கள் குருமனைக்கு வந்தார்கள். அவர் வீட்டில் இல்லை. மாக்தா அவர்களை உள்ளே உட்கார வைத்தார். போதகர் வந்து சேர்ந்தபோது இரவுச் சாப்பாட்டு நேரம். வாருங்கள், சாப்பிடுங்கள் என்று கணவனைப் பிடித்துப்போக வந்தவர்களையும் மாக்தா மேசைக்கு அழைத்தார். உங்களால் எப்படி முடிந்தது என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். சாப்பாட்டு வேளை, அவர்களும் அங்கே இருந்தார்கள், வேறென்ன செய்வது என்பது போலத்தான் அவர் பதில் இருந்தது. தன்னைப் பெரிய பக்திமானாக அவர் ஒருபோதும் காட்டிக்கொண்டதில்லை.

செய்தி பரவியதும் ஊரார் ஒவ்வொருவராக வந்தார்கள். போதகர் சிறைக்குப் போகிறார் என்று, வீட்டில் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் மத்தி மீன் டப்பா கொண்டுவந்தார். இன்னொருவர் மெழுகுவர்த்தி கொடுத்தார். ஏற்றத் தீப்பெட்டி இல்லையே என்றபோது, கைது செய்ய வந்த அதிகாரியே தன் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாராம். கனிவு எதிரில் நிற்பவனையும் தொற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

த்ரோக்மே சில வாரங்களில் விடுதலையானார். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. அவருடைய உறவினர் தானியேல் த்ரோக்மே ஆசிரியர், இளைஞர், அகதி மாணவர்களின் விடுதிக்குப் பொறுப்பாளர். 1943 ஜூன் 29-ஆம் தேதி ஜெர்மானியப் போலீஸ் அந்த விடுதியைச் சூழ்ந்தபோது அவர் வேறு இடத்தில் இருந்தார். தப்பிப் போயிருக்கலாம். என் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்று திரும்பிப் போனார். மாணவர்களோடு அவரையும் கொண்டுபோனார்கள். 1944 ஏப்ரலில் போலந்திலுள்ள மைதானெக் வதைமுகாமில் இறந்துபோனார்.

இந்தத் துணிவு ஒரே நாளில் வந்ததல்ல. போர் வருவதற்கு வருடங்களுக்கு முன்பிருந்தே த்ரோக்மே அந்த ஊரில் ஊழியம் செய்துவந்தார். இளைஞர்கள் சிறு குழுக்களாகக் கூடி வேதம் படித்தார்கள். படித்ததை வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் எடுத்துப்போய்ப் பேசினார்கள். உபாகமத்தில் வரும் அடைக்கலப் பட்டணங்கள் த்ரோக்மேயின் மனதில் ஆழமாகப் பதிந்திருந்தன. குற்றமில்லாத இரத்தம் தேசத்தில் சிந்தப்படாதபடி கடவுள் ஏற்படுத்திய ஊர்கள் அவை. நம் ஊர் அப்படி ஆக வேண்டும் என்பது அவருடைய உறுதி. கதவு தட்டப்பட்ட நேரத்தில் அவர்கள் கூட்டம் போட்டு யோசிக்காமல் இருந்ததற்கு அந்த வருடங்கள்தான் காரணம்.

1990-இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் லெ ஷாம்போனையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துக் கௌரவித்தது. தனிமனிதர்களுக்குத் தரும் மரியாதையை ஊர் முழுமைக்கும் தருவது மிகவும் அரிது. 2020 டிசம்பரில், சிறுவனாகக் குடும்பத்தோடு வந்து அங்கே ஒளிந்திருந்த எரிக் ஷ்வாம் 90 வயதில் காலமானார். வியன்னாவில் பிறந்தவர். தன் சொத்தில் பெரும்பகுதியை அந்த ஊரின் பெயருக்கு எழுதிவைத்திருந்தார்.

நேயர்களே, நம் வாசலில் இன்று அப்படிப்பட்ட ஆபத்து நிற்கவில்லை. ஆனால் வேலை தேடி வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். மொழி தெரியாமல் மருத்துவமனை வரிசையில் திகைத்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். வரும் ஞாயிறு ஆலயத்தில் கடைசி பெஞ்சில் முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தால், ஆசீர்வாதம் முடிந்ததும் நேரே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அவரிடம் போய் எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று விசாரியுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்துப்போங்கள்.