வந்தவருக்குக் கடைவீதியைக் காட்டுவோம்



1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபோது, வெளியூர்களிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்தவர்கள் பலர். நம்மில் பலர் அவர்களின் பிள்ளைகள். இன்று பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள் ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் நின்று தொழுகிறார்கள். ஸலாம் கொடுத்ததும் போய்விடுகிறார்கள். அவர்கள் பெயரையாவது கேட்டிருப்போமா?

கி.பி. 622இல் மக்காவைத் துறந்து மதீனா வந்த முஹாஜிர்களை அன்ஸாரிகளுடன் சகோதரர்களாக இணைத்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஸஅது இப்னு ரபீஃ (ரலி) தம் பொருளில் பாதியையே தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். விரைவில் மணமுடித்து வலீமாவும் கொடுத்தார்கள்.

நம்மிடம் பாதிச் சொத்தை யாரும் கேட்கவில்லை. வழியைக் காட்டலாமே! வாடகை வீடு தேடுபவருக்காக வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். சொந்த ஊர் ரேஷன் அட்டைக்குத் தமிழ்நாட்டுக் கடைகளிலும் பொருள் பெற 2020 முதல் வழியுண்டு. கூட அழைத்துப் போகலாம். மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அரசுப் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டம். அதை எடுத்துச் சொல்லலாம். மொழி தெரியாத கர்ப்பிணிக்கு நம் வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் துணை போகலாம். வந்தவர் எம்மதத்தவராயினும் அண்டை வீட்டாருக்குரிய ஹக்கு அவருக்கும் உண்டு.

முஹாஜிர்களின் பிள்ளைகளான நாம் அன்ஸாரிகளாக வாழ வல்ல நாயன் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.