கணக்கெடுப்பு நம் கதவைத் தட்டினால்: கடமையா, விருப்பமா?

 

மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு வரை எந்த மஹல்லாவுக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தாலும் நம் மக்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதனால எங்களுக்கு என்ன கிடைக்கும்?" ரேஷன் அட்டை என்றாலோ, மீன்பிடித் தடைக்கால உதவித்தொகை என்றாலோ நாமே முன்வந்து பெயர் கொடுப்போம். "எதுவும் கிடைக்காது, விரலில் குத்தி இரத்தம் எடுப்போம், அது எச்.ஐ.வி. பரிசோதனைக்கு; முடிவையும் உங்களுக்குச் சொல்ல மாட்டோம்" என்றால்? கதவைச் சாத்திவிடுவோம். அப்படிச் சாத்துபவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் மீது ஒரு கடமை இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

இது கற்பனைக் கேள்வி அல்ல. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையிலுள்ள ஒரு மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்தும் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2005-06இல் முதன்முறையாக இந்தப் பரிசோதனை சேர்க்கப்பட்டது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களும், 15 முதல் 54 வயது வரையுள்ள ஆண்களும் கேட்கப்பட்டார்கள். சம்மதித்தவர்களின் விரல் நுனியிலிருந்து சில துளிகள் ஓர் அட்டையில் தொட்டு எடுக்கப்பட்டு, உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அட்டையில் பெயர் இல்லை, குறியீடு மட்டுமே. நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் அதிகம் பேரிடம் எடுத்தார்கள். நம் நாட்டில் இந்தக் கிருமி முதன்முதலில் 1986இல் கண்டறியப்பட்டதே சென்னையில்தானே! நாகாலாந்தில் மட்டும் மக்கள் எதிர்த்ததால் பரிசோதனை நடக்கவில்லை. 2015-16 சுற்றிலும் இதே பரிசோதனை செய்தார்கள்.

அந்த ஒரு லட்சம் பேரால் என்ன நடந்தது? அதுவரை அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகள், பால்வினை நோய் சிகிச்சைக்கு வருவோர் போன்றவர்களின் இரத்தத்தை வைத்துத்தான் நாட்டுக்கே கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு 52 லட்சம் என்றது. உலகிலேயே அதிக எச்.ஐ.வி. நோயாளிகள் இந்தியாவில்தான் என்றுகூட 2006இல் பேசப்பட்டது. வீடுவீடாக எடுத்த இரத்தமும் விரிவாக்கப்பட்ட கண்காணிப்பு மையங்களின் கணக்கும் சேர்ந்த பிறகு, 2007 ஜூலையில் அரசு திருத்தி வெளியிட்ட எண்ணிக்கை சுமார் 25 லட்சம். பாதிக்கும் கீழே!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பில் கிருமி இருந்தவர்கள் 0.28 சதவீதம், ஆயிரத்துக்கு மூன்று பேருக்கும் குறைவு. அப்படியானால் தவறான எண்ணிக்கையைத் திருத்தியவர்கள் யார்? மீதி 997 பேர். "எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் யாரும் இல்லை, எங்களிடம் எதற்கு?" என்று சொல்லியிருக்கக்கூடியவர்கள். 'இல்லை' என்பதும் ஒரு சாட்சியம்தான். அது சொல்லப்பட்டால்தான் கணக்கில் ஏறும்.

எண்ணுவது மார்க்கத்துக்கு அந்நியமானதும் அல்ல. இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும், ஆயிரத்து ஐந்நூறு ஆண்கள் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அறிவிக்க, இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் "பொது நன்மைதானே, யாராவது கொடுத்துக்கொள்ளட்டும், நான் எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபர்ளு கிஃபாயா என்றால் சிலர் செய்தால் மற்றவர்கள் மீதிருந்து நீங்கிவிடும். ஜனாஸாத் தொழுகை போல. இங்கே அது பொருந்துமா? இந்தக் கணக்கெடுப்பில் வீடுகள் குலுக்கல் போன்ற ஒரு முறையில் தேர்வாகின்றன. தேர்வான வீடு மறுத்தால் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ள முடியாது. அந்த இடம் காலியாகவே இருக்கும். பழவேற்காடு ஏரியின் பாடு முறை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். முறை யாருக்கோ அவர்தான் அங்கே வலை விரிக்க வேண்டும்.

ஃபுகஹாக்கள் ஓர் உதாரணம் சொல்வார்கள். ஒருவர் தண்ணீரில் மூழ்குகிறார். கரையில் நீந்தத் தெரிந்தவர் பத்துப் பேர் என்றால் கடமை பத்துப் பேருக்கும் பொது. நீந்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர் என்றால் அது அவர் மீது ஃபர்ளு ஐன் ஆகிவிடும். சாட்சியமும் அப்படித்தான். அழைக்கப்பட்டால் சாட்சிகள் மறுக்கக் கூடாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் சொல்கிறது. வேறு சாட்சி இல்லாத இடத்தில் அந்தப் பொறுப்பு இன்னும் கனமாகிறது. தேர்வான வீட்டுக்கு மாற்று வீடு இல்லை என்பதால், இது அந்த இடத்துக்கு நெருங்கி வருகிறது என்பது என் கருத்து. இதை நான் ஃபத்வாவாகச் சொல்லவில்லை.

ஃபத்வாவாகச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்கள் அனுமதியின்றிப் பிறர் வீட்டில் நுழைவதைத் தடுக்கின்றன. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்கின்றன. ஆகவே கேட்பவர் வற்புறுத்தக் கூடாது. ஜமாஅத் நிர்வாகியும் "எல்லோரும் கொடுங்கள்" என்று அதிகாரம் செய்யக் கூடாது. வற்புறுத்தி வாங்கியது சாட்சியம் ஆகாது. ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டமும் தடுக்கிறது. அது 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

இனி, எனக்கே கடினமாகத் தோன்றும் இடத்துக்கு வருகிறேன். ஒருவரின் இரத்தத்தில் கிருமி இருக்கிறது. ஆய்வகத்தில் அது தெரிகிறது. அவருக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை. இது அமானித மோசடி இல்லையா? அதே விரலில் எடுக்கும் இரத்தத்தில் இரத்தசோகை அளவை அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். இதை ஏன் சொல்வதில்லை?

யோசித்துப் பார்த்தால், முடிவைச் சொல்ல வேண்டுமென்றால் பெயர் வேண்டும். பெயர் எழுதினால் அது யார் கண்ணிலாவது படும். நம் ஊர்த் தெருக்களில் ஒரு செய்தி மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் எவ்வளவு தூரம் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். துருவி ஆராயாதீர்கள் என்ற அல்ஹுஜுராத் 12ஆம் வசனத்தின் கட்டளையை மதித்துக்கொண்டே எண்ண வேண்டுமானால், பெயரில்லாமல் எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெயர் மறைந்திருப்பதுதான் இங்கே ஸித்ர், திரை.

அந்தத் திரைக்கு ஒரு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் அறிந்துகொள்ள வேண்டியவருக்குத் தனி வாசல் வைத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பரிசோதனை இலவசம், முடிவு அவரிடம் மட்டுமே சொல்லப்படும். மருந்தும் இலவசம், 2004 ஏப்ரலில் நாட்டில் முதலில் தொடங்கிய சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. சந்தேகம் உள்ளவர், மாதக்கணக்கில் வெளியூரில் தங்கி வேலை செய்தவர், அவருடைய மனைவி, கர்ப்பிணி ஆகியோர் கணக்கெடுப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முதலாவது ஊருக்குச் சொல்லும் சாட்சியம். இரண்டாவது தன் உயிருக்கும், தன்னோடு படுத்துறங்கும் ஒருத்தியின் உயிருக்கும் செய்ய வேண்டியது. ஒன்றைச் செய்தவர் மற்றதையும் செய்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

பல மிம்பர்களில் இந்த நோயைப் பற்றிய பேச்சு ஸினாவில் தொடங்கி ஸினாவிலேயே முடிந்துவிடுகிறது. ஸினா ஹராம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தாயிடமிருந்து கிருமியைப் பெற்ற பச்சைக் குழந்தை என்ன பாவம் செய்தது? கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத மனைவி? இரத்தம் கேட்டு வந்தாலே அவமானம் வந்துவிட்டதாக நாம் துடிப்பது, இந்த நோயைக் குற்றப்பத்திரிகையாக மட்டுமே படித்துப் பழகியதால்தான்.

இனி ஒரு சுற்றில் இந்தப் பரிசோதனையோடு வந்தால், அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். சம்மதப் படிவத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். கணவர் கடலுக்குப் போயிருந்தால் அவருக்காக நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்; அவர்கள் மறுபடி வருவார்கள். பெண்களிடம் பெண் ஊழியரே தனியாகக் கேட்பார். அந்த நேரத்தில் மாமியாரும் கணவரும் கொஞ்சம் எழுந்து திண்ணைக்குப் போய்விடுங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே சொல்லட்டும்.